வலப்பக்கம் கதவில்லாத கார்

கல்யாணமான கிழமையே சோமசேகரம் ஞானாம்பிகையைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே தென்னோலைக் கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டகை இருந்தது. உள்ளே படங்கு போட்டு மூடிய ஏதோ ஒன்று தாழ்வாகப் படுத்துக் கிடந்தது. அவர் படங்கை மெல்ல உருவினார். கூரைப் பொத்தல்களால் விழுந்த வெயிலில், சாம்பல் கலந்த பச்சை நிறத்தில், மழையில் நனைந்த கல்லைப்போல ஒரு சின்னக் கார் தெரிந்தது.

"ஹேஸல்டன்," என்றார் அவர், வீட்டுக்கு வந்தவருக்குத் தங்கையை அறிமுகம் செய்பவரைப்போல.

அது 1986. அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. அவள் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் இங்கிலீஸ் படிப்பித்தாள். அவர் பல் வைத்தியர். இருவருமே இனிக் கல்யாணம் இல்லையென்று முடிவுகட்டி வாழ்ந்தவர்கள். அவளுடைய தம்பி சீவரத்தினம் இங்கிலாந்துக்குப் போவதற்கு முன் பேசிமுடித்து வைத்துவிட்டுப் போன சம்பந்தம் இது. அரியாலையில் அவருடைய வீட்டுக்கு அவள் ஒரு பெட்டி உடுப்போடும் இரண்டு பெட்டி புத்தகங்களோடும் வந்திருந்தாள். அந்த ஒரு கிழமையில் அவர்கள் கதைத்தது சாப்பாட்டைப் பற்றியும் தண்ணீர் இறைப்பதைப் பற்றியும்தான்.

பதுளை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில், நாட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரையிடம் அவர் அந்தக் காரை வாங்கியிருந்தார். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அவருடைய வீடும் தளபாடங்களும் எரிந்து போயின. கார் ஒரு சிநேகிதரின் தேயிலைத் தோட்டத்தில் நின்றதால் தப்பியது. அதைச் சாமான் ரயிலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

அது அலுமினியத் தகட்டால் செய்த, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய பந்தயக் கார். ஞானாம்பிகை அதைச் சுற்றி நடந்துபோய் ஸ்ரியறிங் இருந்த வலப்பக்கத்தில் நின்றாள்.

"இந்தப் பக்கம் கதவைக் காணேல்லை."

"கதவில்லை. இடப்பக்கம் மட்டும்தான். ஓட்டுற ஆள் மேலாலை காலைப் போட்டு ஏறவேணும்."

"ஏன்?"

"அதைத்தான் நானும் தேடிக்கொண்டிருக்கிறன். உந்தக் கம்பனி செய்த மற்றக் காருகளின்ரை படமெல்லாம் பாத்திட்டன். எல்லாத்துக்கும் ரெண்டு கதவு. தொழிற்சாலை பூட்டிக் கனகாலம். ஆரைக் கேக்கிறது?"

"செய்த ஆக்கள் மறந்துபோச்சினமோ?"

அவர் சிரித்தார். அவர் சிரிப்பதை அவள் அன்றுதான் முதன்முதலில் கண்டாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் காரில் போனார்கள். பெரும்பாலும் நீர்வேலிப் பக்கம். சோமசேகரம் நெடிய மனிதர். முழங்கால்கள் இரண்டும் ஸ்ரியறிங்கின் இரண்டு பக்கமும் மேலே தூக்கிக்கொண்டு நிற்க, தவளை குந்தியிருப்பதைப்போல இருந்து ஓட்டுவார். கார் அவ்வளவு தாழ்வு. அதிலிருந்து பார்த்தபோது ஞானாம்பிகைக்குத் தெரிந்த ஊர் வேறு ஊராகியது. ஆடுகளின் கண்கள் அவளுடைய கண்களுக்கு நேரே வந்தன. வாழைத் தோட்டங்களுக்குள்ளே, குலைகளுக்குக் கீழே, வாய்க்கால் தண்ணீர் பச்சை வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது.

வீட்டில் அதிகம் பேசாதவர் காரில் பேசினார். தான் காணாத அந்தத் தொழிற்சாலையைப் பற்றியே பேசினார். கூரை கண்ணாடியால் செய்ததாக இருக்கும், அதன்மேல் வெண்பனி விழுந்து உள்ளே பால்போன்ற ஒரு வெளிச்சம் பரவியிருக்கும் என்பார். ஒருவர் தகட்டை மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருப்பார், சத்தம் தூரத்துக் கோயில் மணிபோலக் கேட்கும் என்பார். அவள் கேட்டுக்கொண்டே வருவாள். சில நாள் அவளும் ஒன்றைச் சேர்ப்பாள்.

"தேத்தண்ணி குடிக்க மணி அடிக்குமோ?"

"அடிக்கும். எல்லாரும் கையைத் துடைச்சுப்போட்டு ஒரு நீட்டு மேசையிலை வந்து இருப்பினம்."

"அப்ப காருகள்?"

"காருகள் அப்பிடியே பாதியிலை நிக்கும்."

அவள் தம்பிக்கு எழுதினாள். சீவரத்தினம் லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தான். அக்கா கேட்கிறாளே என்று ஒரு விடுமுறையில் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனான். தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கம்பளம் விற்கிறார்கள் என்று பதில் வந்தது. அங்கே வேலை செய்த கிழவர்கள் சிலரை மதுக்கடையில் கண்டு கேட்டானாம். ஒரு கதவுள்ள காரைப் பற்றி அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எண்பத்தேழில் இந்திய இராணுவத்தோடு சண்டை வந்தது. கார் கொட்டகைக்குள் முடங்கியது. அது ஓய்ந்து, பின் வேறு சண்டை தொடங்கியது. தொண்ணூறில் பெற்றோல் வருவது நின்றபோது, ஒட்டுமடத்தில் கராஜ் வைத்திருந்த யாக்கூப் ஒரு வழி சொன்னார். எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டுகிற காபரேற்றரைக் கழற்றித் தந்தால், மண்ணெண்ணெயில் ஓடும்படி மாற்றித் தருவதாகச் சொன்னார். வருடக்கணக்காக அந்தக் காரைப் பழுது பார்த்து வந்தவர் அவர்தான்.

"மெதுவாச் செய்யுங்கோ, அவசரமில்லை," என்று சொல்லி அதைக் கொடுத்துவிட்டு வந்தார் சோமசேகரம்.

அந்த ஒக்ரோபரில், ஊரைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த ஆயுத இயக்கம் முஸ்லிம் சனங்கள் எல்லோரையும் குடாநாட்டை விட்டு வெளியேறச் சொன்னது. செய்தி கேட்டு சோமசேகரம் சைக்கிளில் ஒட்டுமடத்துக்குப் போனார். தெருவில் ஆள் இல்லை. ஒரு வீட்டு வாசலில் பிள்ளையின் செருப்பு ஒன்று கிடந்தது. யாக்கூப்பின் கராஜ் கதவில் ஒரு பூட்டுத் தொங்கியது. அது யாக்கூப்பின் பூட்டல்ல.

வீட்டுக்கு வந்தவர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுப் படியில் இருந்தார். ஞானாம்பிகை தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

"அந்தாளுக்கு நான் போயிட்டு வாங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை," என்றார்.

காபரேற்றர் இல்லாமல் கார் இனி ஓடாது என்பதைப் பற்றி அவர் பேசவே இல்லை. கொட்டகைப் பக்கம் போவதையும் விட்டுவிட்டார்.

அங்கே போனது ஞானாம்பிகைதான். குண்டு போடும் விமானங்கள் வந்த காலம். பாடசாலை பாதி நாள் நடக்கும், பாதி நாள் நடக்காது. ஒரு மத்தியானம் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்த இடம் தேடி, குளிர்ச்சியாக இருக்குமென்று கொட்டகைக்குப் போனாள். இடப்பக்கத்துக் கதவால் ஏறி, தன் வழக்கமான இடத்தில் கொப்பிகளை அடுக்கினாள். தான் இருக்க இடமில்லாததால் நகர்ந்து ஓட்டுகிறவர் இருக்கையில் போய் இருந்தாள்.

இருந்தவள் அசையாமல் இருந்தாள்.

அந்த இருக்கை அவளைத் தெரிந்தது போலிருந்தது. முதுகின் வளைவுக்கு அது வளைந்திருந்தது. இடுப்பின் இரண்டு பக்கமும் மெத்தை வந்து அணைத்தது. கட்டையான உருவம் அவளுக்கு. பஸ்ஸில், பாடசாலைக் கதிரையில், எங்கே இருந்தாலும் கால் சரியாக நிலத்தில் ஊன்றாது. இங்கே கால் நீட்டிய இடத்தில் பெடல்கள் இருந்தன. கையை உயர்த்தினாள். ஸ்ரியறிங் கைக்குள் வந்தது. இடது தோளுக்குக் கீழே மட்டும் இருக்கைத் தோலில் ஒரு தடிப்பு இலேசாக உறுத்தியது.

அன்று ஒரு கொப்பியும் திருத்தவில்லை. கிடுகு வழியாக வெயில் நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் ஷெல் விழுந்த சத்தம் கேட்டது. அது மரச் சுத்தியலின் சத்தமாகவும், மேலே இருப்பது பனி மூடிய கண்ணாடியாகவும் இருந்த ஒரு நித்திரைக்குள் அவள் போய்வந்தாள்.

பிறகு ஒவ்வொரு நாளும் போனாள். புருசனிடம் சொல்லவில்லை. அவருடைய பொருளில், அவருக்குத் தெரியாமல், அவருக்குக் கிடைக்காத ஒரு சுகத்தை எடுத்துக்கொண்டதுபோல ஒரு கூச்சம். ஒருநாள் அவரே அவளைத் தேடி வந்து, கொட்டகை வாசலில் நின்று பார்த்தார்.

"நீர் அதிலை இருக்கிறீர்," என்றார்.

"இஞ்சாருங்கோ, இது எனக்குச் செய்தது போலை இருக்கு. ஒருக்கா வந்து பாருங்கோ."

அவர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பல்லைப் பார்க்கிற அதே கவனத்தோடு, பெடலுக்கும் இருக்கைக்கும் இடையே கையால் அளந்தார். முதுகுக்குப் பின்னே விரலை விட்டுப் பார்த்தார். இடைவெளி இல்லை.

"நான் இவ்வளவு காலமும் இதின்ரை சீற் பழுதாப் போச்சு எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்," என்றார் மெதுவாக. "இது ஒரு பொம்பிளைக்குச் செய்த கார்."

தம்பிக்கு அவள் மறுபடி எழுதினாள். ஆம்பிளைகளைக் கேட்காதே, அங்கே வேலை செய்த பெண்களைத் தேடு, என் உயரத்துக்கு ஆரும் இருந்தவையோ என்று கேள் என்று எழுதினாள்.

தொண்ணூற்றுமூன்றில், கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்த ஒரு வியாபாரி படலையில் நின்று கூப்பிட்டு ஒரு சின்னப் பொதியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு கசற் இருந்தது. மேலே தம்பியின் எழுத்தில், "அக்கா, ஆளைக் கண்டுபிடிச்சிட்டன்" என்று மட்டும் எழுதியிருந்தது.

மின்சாரம் இல்லை. பற்றறிக்குத் தடை. ஊரெல்லாம் செய்ததையே அவர்களும் செய்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயரை இழுத்துக் கசற் போடுகிற றேடியோவில் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றினார்கள். பின்னேர வெயிலில், கொட்டகைக்குள், சோமசேகரம் சுற்ற, ஞானாம்பிகை காரில் இருந்து கேட்டாள்.

முதலில் தம்பியின் குரல். பிறகு ஒரு கிழவியின் குரல். அவள் பெயர் எடித். சுற்றுகிற வேகத்துக்கு ஏற்ப அவள் வயது மாறியது. சோமசேகரத்தின் கை களைத்தால் குரல் கனத்து ஒரு கிழவனுடையதாகி, கிணற்றுக்குள் இறங்கியது. அவர் விசையாகச் சுற்றினால் அவள் பள்ளிக்கூடப் பெட்டையானாள்.

எடித் தொழிற்சாலையில் இருக்கைகளுக்குத் தோல் தைத்தவள். உலக யுத்த காலத்தில் அம்புலன்ஸ் ஓட்டியிருக்கிறாள். ஒரு மாரியில் முதலாளிக்கு மலைப்பாதைப் பந்தயத்தில் ஓட மிகப் பாரமற்ற கார் ஒன்று வேண்டுமென்று ஆசை வந்தது. ஒவ்வொரு உறுப்பையும் தராசில் வைத்து நிறுத்தார்கள். ஓட்டுகிற ஆளும் பாரம்தானே என்று ஒருவர் சொன்னார். அந்த இடத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் மிக இலேசான ஆள் எடித். அவளை ஒரு மரப்பெட்டிக்குள், ஈர மரத்தூள் நிரப்பிய சாக்கின்மேல் இருத்தினார்கள். மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அசையாமல் இருந்தாள். அந்தப் பள்ளத்தைப் பார்த்து இருக்கை செய்தார்கள். பெடல்களை அவள் காலுக்குக் கிட்டக் கொண்டுவந்தார்கள்.

கதவுக்குக் கனம் அதிகம், உனக்குக் கதவு வேண்டுமா என்று கேட்டார்கள். மதில் பாய்ந்து வளர்ந்தவள் நான், எனக்கு எதற்குக் கதவு என்றாள் எடித். அதனால் வலப்பக்கத் தகட்டை வெட்டாமல் விட்டார்கள்.

சோமசேகரத்தின் கை நின்றது. எடித்தின் குரல் நீண்டு, தேய்ந்து, மறைந்தது.

"அவ்வளவுதானோ," என்றார் அவர். "அவ வேண்டாம் எண்டு சொன்னவ. அதுதான்."

"சுத்துங்கோ. இன்னும் இருக்கு."

அந்த மாரி முழுவதும் விடியற்காலைகளில் எடித் அந்தக் காரை ஓட்டிப் பழகினாள். வேலிகளில் பனி அப்பியிருக்கும், பாதையில் ஒரு முயல்கூட இருக்காது, அந்த நேரங்களில் தான் ஆரென்பதே தனக்கு மறந்துபோகும் என்றாள். ஆனால் பந்தய நாளன்று முதலாளி அவளிடம் காரைக் கொடுக்கவில்லை. பெரிய இடத்துச் சிநேகிதர் ஒருவரை ஏற்றினார். முழங்கால் ஸ்ரியறிங்கில் இடித்துக்கொண்டே ஓடிய அந்த மனிதர் கடைசிக்குக் கிட்ட வந்தார். கார் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதை ஒரு மூலையில் போட்டார்கள். ஒருநாள் எடித் வேலைக்கு வந்தபோது மூலை வெறுமையாக இருந்தது. சூடான நாடொன்றுக்கு விற்றாகிவிட்டது என்றார்கள். அவள் திரும்பிப் போய்த் தோல் தைத்தாள்.

கசற்றின் கடைசியில் எடித் ஒன்று கேட்டாள். இப்போது அதில் இருப்பது யார்? அவளுக்குச் சுகமாக இருக்கிறதா? இடது தோளுக்குக் கீழே கொஞ்சம் இடிக்கும், அது என் பிழை, அந்தத் தையலை நான் அவசரத்தில் போட்டுவிட்டேன்.

ஞானாம்பிகையின் கை தானாகவே இடது தோளுக்குப் போயிற்று. சோமசேகரம் அதைப் பார்த்தார். சைக்கிள் சக்கரம் தானாகச் சுற்றி ஓய்ந்தது.

அந்தக் கசற்றின் மறுபக்கத்தில் பதில் பதிந்தார்கள். ஞானாம்பிகை இங்கிலீஸில் பேசினாள். தன் பெயர், தான் படிப்பிக்கிற வகுப்பு, கொட்டகையில் இப்போது என்ன வெளிச்சம் என்பதெல்லாம் சொன்னாள். இடது தோளில் இடிக்கிறதுதான், ஆனால் அதைத் திருத்த விரும்பவில்லை என்றாள். புருசனையும் ஒரு சொல் பேசச் சொன்னாள். அவர் சுற்றுவதை நிறுத்தாமலே, "நான் இதைப் பல வருடங்களாகப் பிழையாக ஓட்டியிருக்கிறேன், மன்னிக்கவேண்டும்," என்றார்.

அது போய்ச் சேர்ந்தது. எடித் அதை இரண்டு தரம் போடச் சொல்லிக் கேட்டாளாம். உங்கள் பின்னால் ஒரு பறவை ஊதுகுழல்போலக் கத்துகிறதே, அது என்ன என்று கேட்டாளாம். செண்பகம் என்று தம்பி சொல்லியிருக்கிறான். அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பழகினாளாம்.

தொண்ணூற்றைந்து ஒக்ரோபர் முடிவில், இராணுவம் வலிகாமத்துக்குள் வந்துகொண்டிருக்க, எல்லாரும் பாலத்துக்கு அப்பால் தென்மராட்சிக்குப் போகும்படி ஒலிபெருக்கி கட்டிய இயக்க வாகனம் சொல்லிக்கொண்டு போனது. மழை பெய்தது. காலையில் படலையைத் திறந்தபோது கண்டி வீதியில் வீதியே இல்லை. சனம்தான் இருந்தது. சைக்கிள்கள், மூட்டைகள், மாடுகள், தலைகள் எல்லாம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி, அசைகிறதோ இல்லையோ என்று தெரியாமல் அசைந்துகொண்டிருந்தன.

பக்கத்து வீட்டுப் பரமலிங்கம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து கால் முறிந்து கிடந்தார். தனி ஆள். பாரமான மனிதர்.

"நீங்கள் போங்கோ. நான் வீட்டுக்குக் காவல் இருக்கிறன்," என்றார் அவர்.

சோமசேகரம் ஞானாம்பிகையைப் பார்த்தார். "கார் இருக்கு," என்றார்.

"அது ஓடாதே."

"உருளும்."

சைக்கிள் பம்பால் ரயர்களுக்குக் காற்றடித்தார்கள். பரமலிங்கத்தை நாலு பேர் பிடித்து இடப்பக்கத்துக் கதவால் ஏற்றினார்கள். கட்டுப்போட்ட கால் மடங்காததால் அது காரின் முன்பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றது. பல் பிடுங்கும் ஆயுதங்கள் இருந்த பெட்டியை அவர் மடியில் வைத்தார் சோமசேகரம்.

"நீர் ஸ்ரியறிங்கைப் பிடியும். நான் தள்ளுறன்."

"நான் ஒருநாளும் ஓட்டினதில்லை."

"உமக்குக் கால் எட்டும்," என்றார் அவர்.

ஞானாம்பிகை சேலையைச் செருகிக்கொண்டு, கதவில்லாத பக்கத்தால் காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள்.

சனம் இடம் விட்டது. பிறகு மூடிக்கொண்டது. யாரோ தெரியாதவர்கள் சோமசேகரத்தோடு சேர்ந்து தள்ளினார்கள். களைத்ததும் அவர்கள் போக வேறு யாரோ வந்தார்கள். காரின் பின்பக்கத்தில் மூட்டைகள் ஏறின. எஞ்சின் சத்தம் இல்லாமல், ஹோர்ன் இல்லாமல், மழைத்தண்ணீரில் படகுபோல அது போனது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நடந்தவர்களின் குதிக்கால்கள். அவை நின்றால் பிறேக்கை அழுத்தினாள். அவை நடந்தால் விட்டாள். பாலத்தில் இரண்டு பக்கமும் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. பரமலிங்கம் வலியில் முனகி, பிறகு நித்திரையாகி, அவள் தோளில் சாய்ந்தார். அவள் பயப்படவில்லை. பயப்பட வேண்டுமென்று தெரிந்தும் பயம் வரவில்லை. இந்தப் பாதை முடியாமலே போனாலும் போகலாம் என்றிருந்தது.

மீசாலையில் ஒரு பாடசாலையில் இடம் கிடைத்தது. வகுப்பறைகள் நிரம்பியிருந்ததால் பரமலிங்கத்தை மட்டும் உள்ளே படுக்க வைத்தார்கள். அவர்கள் இருவரும் காருக்கு மேல் படங்கு கட்டி அதற்குள் நித்திரை கொண்டார்கள். சோமசேகரம் மாமரத்தின் கீழ் ஒரு கதிரை போட்டு சனங்களுக்குப் பல் பிடுங்கினார். வரிசையில் நின்றவர்கள் கார் என்ன கார் என்று கேட்டார்கள். வாய்க்குள் குறடு இருக்கும் நேரத்தில் அவர் எடித்தின் கதையைச் சொன்னார். நோவை மறக்க அது உதவுகிறது என்றார் ஞானாம்பிகையிடம்.

கார்த்திகை மாதக் கடைசியில், தண்ணீர் அள்ள அவள் கிணற்றடிக்குப் போனாள். நீண்ட வரிசை. முன்னால் நின்ற, கொக்குவில் பக்கத்து ஒரு பெண், மற்றவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பள்ளிக்கூட வளவிலை நிக்கிற கார் கண்டியளோ? அது ஒரு தையல்காரப் பிள்ளைக்கெண்டு செய்ததாம். இங்கிலாந்திலை. அவவின்ரை உடம்பை அச்செடுத்துச் செய்தது. பந்தய நாளண்டு காரைத் தரமாட்டன் எண்டு முதலாளி சொல்லிப்போட்டான். அவ விட்டாவே? மதில் பாயிற மாதிரி ஒரே பாய்ச்சல். உள்ளுக்கை இருந்தா. எடுத்தா."

"பிறகு?" என்றாள் ஞானாம்பிகை.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு ஞானாம்பிகையைத் தெரியாது.

"பிறகென்ன, அவதான் முதலாவதா வந்தவ. ஆனா மலை உச்சியிலை நிக்கேல்லை. சனம் கைதட்டக் கைதட்ட, அப்பிடியே மற்றப் பக்கத்தாலை இறங்கிப் போட்டாவாம்."

"மற்றப் பக்கம் என்ன இருந்தது?"

அந்தப் பெண் கயிற்றை இழுத்தாள். வாளி மேலே வரும்வரை யோசித்தாள்.

"அவவின்ரை வீடு," என்றாள்.

தண்ணீரைத் தன் குடத்தில் ஊற்றிவிட்டு, வாளியை ஞானாம்பிகையிடம் நீட்டினாள். அவள் அதை வாங்கிக் கிணற்றுக்குள் விட்டாள்.